டயர்க்கடை அங்கிளின் ஈய மீன்

பத்தாங் காலி ஊரின் டயர்க்கடை அங்கிளுக்குத் தலையெல்லாம் கருப்புச் சாயம், முகமெல்லாம் சுருக்கம். சக்கரம் ஆடாமலிருக்க விளிம்பில் பொருத்தும் ஈயக்கட்டிகளில், கழற்றிப்போட்ட பழையதைக் கடைக்குப் பின்னால் உருக்கி, தூண்டிலில் இரைபோலக் கட்டும் மீன் வடிவ ஜிக் வார்ப்பார்.

கோலா சிலாங்கூருக்குப் போய் மீன்பிடிப் படகேறும் அவசரத்தில் அவரிடம் ஒன்று கேட்டேன். ஈயத்தை ஊற்றி, ஆறியதும் அச்சைத் திறந்தார். ஈய மீனின் வயிற்றில் மெல்லிய சுருக்கம்.

"அச்சுக்குச் சூடு பத்தல" என்று திரும்பச் சட்டியில் போட்டார்.

"படகு போயிரும் அங்கிள், குடுங்க! உங்க மூஞ்சியில இல்லாத சுருக்கமா?"

"என்னைய உருக்கி ஊத்த முடியாது தம்பி. இத முடியும்லா."

அச்சை நன்றாகச் சூடாக்கி மறுபடி ஊற்றினார். வழவழவென்று வந்தது.

"இதுல நீங்க என்ன மீன் புடிச்சிருக்கீங்க?"

"மீனா? சீ! அந்த நாத்தமே எனக்கு ஆகாது."

படகைத் தவறவிட்டேன். அந்த ஜிக்கை இன்னும் தண்ணீரில் போடவில்லை. எங்காவது சிக்கித் தூண்டில் நரம்பு அறுந்து அது தொலைந்தால் அந்த மனுசனுக்கு யார் பதில் சொல்வது?