ஐந்து தொட்டிகளுக்கு ஒரே மூடி

கணினியில் நிரலை ஓடவிடும் முன் அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவாள். சட்டை நுனியால் இடது வில்லையை மட்டும் துடைத்து மேசையில் வைத்துவிட்டுப் பட்டனைத் தட்டுவாள். மங்கலாகத் தெரிகிற எண்கள்மேல் ஆசை வைக்க முடியாது என்பது அவள் கட்சி.

காற்றழுத்தத் தொட்டி செய்யும் தொழிற்சாலையில் அவள் வடிவமைப்பாளர். ஒரே ஆர்டரில் ஐந்து தொட்டிகள். கொள்ளளவும் அழுத்தமும் ஒவ்வொன்றுக்கும் வேறு. தகடு குறைய வேண்டும், தொட்டி வெடிக்கக் கூடாது. தனித்தனியாகக் கணக்குப் போட்டு மாரடிக்காமல், ஒன்றின் விடையை அடுத்ததற்குத் தொடக்கமாகக் கொடுத்து ஒரே நிரலில் எல்லாவற்றையும் கோத்தாள்.

முதல் விடை மானத்தை வாங்கியது. நீளத்துக்கு எல்லை சொல்ல மறந்திருந்தாள். நிரல் சந்திலே சிந்து பாடிவிட்டது: பற்றவைத்த தொட்டியைச் சூடேற்றும் உலைக்குள் நுழையவே நுழையாத, ஒல்லியான நெட்டைத் தொட்டி.

"அக்கா, இது தொட்டியா, புல்லாங்குழலா?" என்றான் வெல்டர். பட்டறையே சிரித்தது.

"ஊதிப் பாருடா, வாய் கிழியும்."

உலையின் நீளத்தை நிரலில் ஏற்றினாள். ஒரே அச்சில் அடித்துவிடலாமே என்று, ஐந்துக்கும் ஒரே அளவு மூடி என்ற இன்னொரு நிபந்தனையும் போட்டாள். இரண்டு தொட்டிகள் கொஞ்சம் கனத்தன. ஆனாலும் பழைய வரைபடங்களோடு பார்த்தால், மொத்தத்தில் தகடு நிறையவே மிஞ்சியது.

மேலாளர் விடையைப் பார்த்துவிட்டுப் பழைய தடிமனையே போடச் சொன்னார். "வருஷக்கணக்கா அந்தத் தகடுதாம்மா. என் அனுபவம் சொல்லுது."

"அனுபவத்த ஒரு நிபந்தனையா எழுதிக் குடுங்க சார், சேத்துக்கறேன். 'பயமா இருக்கு'ன்னு எழுதினா மட்டும் புரோகிராம் ஏத்துக்காது."

"வாய் நீளுது. சோதனையில கிழிஞ்சா?"

"என் சீட்டையும் சேத்துக் கிழிச்சிடுங்க."

பழைய வரைபடத்தில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

"தலையாட்டிட்டு வந்தா என்னடி கொறஞ்சு போச்சு?" என்றாள் அம்மா.

"அதுக்கு ஒரு பொம்மை வாங்கி வெச்சுக்கட்டும்."

ஒன்றை மட்டும் செய்து சோதித்துப் பார்க்கலாம் என்று மேலாளர் இறங்கிவந்தார்; அவள் கணக்குப்படியே முதல் தொட்டி உருவானது. தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு ஏற்றினார்கள். எல்லோரும் தடுப்புக்குப் பின்னால் போய் நின்றார்கள். அழுத்தமானியின் முள் ஏறியது, நின்றது, நின்ற இடத்திலேயே நின்றது. அழுத்தத்தை இறக்கியதும் வெல்டர் பற்றவைத்த இடமெல்லாம் தடவிப் பார்த்தான்.

"ஒரு சொட்டு ஈரம் இல்லக்கா."

மேலாளர் அவளுடைய ஐந்து வரைபடங்களிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவள் அவற்றை வாங்கி வெல்டரிடம் நீட்டினாள்.

பழைய தடிமனை எந்தக் கணக்கும் தரவில்லை என்பது பிறகுதான் தெரியவந்தது. பல வருஷங்களுக்கு முன் இதே மேலாளர் முதல் வரைபடத்தைப் போட்ட அன்றைக்குக் கிடங்கில் இருந்தது அந்தத் தகடு ஒன்றுதான்.