காசு வாங்காமல் புகழ்ந்தவர்

ஊராட்சி மாதிரியான பராங்காய் அலுவலகத்தில் தன் பெயருக்கு ஒரு கடிதம் வந்து கிடக்கிறது என்று கேள்விப்பட்டதும் ஆர்டெமியோவுக்கு இத்தாலி ஞாபகம்தான் வந்தது. மதகுப் பலகையை இறக்கிவிட்டு, காலில் ஒட்டிய சேற்றைக்கூடக் கழுவாமல், மீன் குட்டைகளுக்கு நடுவே ஓடும் வரப்பு வழியாக வேகமாக நடந்தார்.

மனைவி செனாய்டா ரோம் நகரத்துக்கு வேலைக்குப் போய்ப் பல வருஷம் ஆகிறது. முதலில் தினமும் பேசினாள். பிறகு ஞாயிறுதோறும். பிறகு கிறிஸ்துமஸுக்கு மட்டும். சண்டை, சச்சரவு எதுவும் இல்லை. உப்புக் காற்றில் கயிறு இற்றுப்போவது மாதிரி அது பாட்டுக்கு இற்றுப்போனது. பிள்ளைகள் இல்லை. ஆர்டெமியோ வேறொருவருடைய பால்மீன் குட்டைகளுக்குக் காவலாக, வரப்பின் கடைசியில் மரக்கால் நட்டுக் கட்டிய குடிசையில் தனியாக இருந்தார். கடல் நீர் ஏறி ஏற்றம் வந்தால் மதகைத் திறப்பது, இறங்கி வற்றம் வந்தால் மூடுவது, இடையில் மீனுக்குத் தீனி போடுவது. பேசுவதற்கு நாரைகள் உண்டு. அவை பதில் சொல்லாது.

கடிதம் இத்தாலியிலிருந்து வரவில்லை. தலைநகரத்திலிருந்து, விளம்பரங்களைக் கண்காணிக்கும் ஓர் அலுவலகத்திலிருந்து வந்திருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் குமாஸ்தா ஜோவெலின் படித்துச் சொன்னாள். படிக்கப் படிக்க அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"நோங், நீங்க இவ்வளவு பெரிய ஆளா? சொல்லவே இல்லையே!"

"என்ன இண்டாய், என்ன போட்டிருக்கு?" அந்த ஊரில் மூத்தவரை நோங் என்றும் சின்னப் பெண்ணை இண்டாய் என்றும் கூப்பிடுவார்கள்.

"நீங்க பேஸ்புக்ல மத்தி டின்னுக்கு விளம்பரம் பண்றீங்களாம். ஆனா அது விளம்பரம்னு சொல்லாம மறைக்கிறீங்களாம். ஜனங்களை ஏமாத்துற மாதிரி ஆயிடுமாம். விளக்கம் கேட்டிருக்காங்க. நடிகருங்களுக்கு வர்ற ஓலை நோங் இது! பனியனைக் கொஞ்சம் துவைச்சுப் போடக் கூடாதா?"

ஆர்டெமியோவும் சிரித்து வைத்தார். திரும்பி வரும்போது வரப்பில் இரண்டு தடவை நின்று, படிக்கத் தெரியாத அந்தக் கடிதத்தை விரித்துப் பார்த்தார்.

விஷயம் இதுதான். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு மழை நாளில் 'டோன்யா பெலி' மத்தி டின் ஒன்றைத் திறந்து, வெங்காயமும் எலுமிச்சையும் போட்டு வதக்கிச் சாப்பிட்டார். நன்றாக இருந்தது. யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது. படம் எடுத்து, கம்பெனியின் பக்கத்தையும் சேர்த்து, நாலு வரி எழுதிப் போட்டார். சொந்தக்காரர்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் கண்ணை மூடித் திறப்பதற்குள் கம்பெனி பதில் எழுதியது: "அன்புள்ள ஆர்டெமியோ, உங்கள் வார்த்தைகள் எங்கள் நாளை இனிமையாக்கிவிட்டன! தொடர்ந்து சுவையுங்கள். இப்படிக்கு உங்கள் பெலி அக்கா."

அன்றிலிருந்து அவர் எழுதிக்கொண்டே இருந்தார். தக்காளிச் சாற்று மத்தி, காரமான மத்தி, வாழையிலையில் சுட்ட சோற்றோடு மத்தி. டின் எப்படித் திறந்தது, மழை எப்படிப் பெய்தது, சாப்பிடும்போது எந்தப் பறவை கத்தியது, எல்லாம் எழுதினார். பெலி அக்கா ஒரு நாளும் பதில் எழுதத் தவறவில்லை. எப்போதும் அதே இனிமையான வார்த்தைகள்தான்; அவள் குணம் அப்படி என்று எடுத்துக்கொண்டார். கண்ணாடி போட்ட, சற்றுப் பூசினாற்போன்ற ஒருத்தி மேஜை முன்னால் உட்கார்ந்து தன் எழுத்தைப் படிப்பதாக அவர் நினைத்துக்கொண்டார். "பெலி அப்படிச் சொன்னா" என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்கிற அளவுக்குப் பழக்கமாகிவிட்டது.

விளக்கம் கேட்கும் நாளில் அதிகாரி போனில் முகம் பார்த்துப் பேசுவதாக ஏற்பாடு. ஆர்டெமியோ தேவாலயப் பூசைக்குப் போடும் சட்டையைப் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, போனைத் தண்ணீர்ப் பானையில் சாய்த்து வைத்து உட்கார்ந்தார். திரையில் இளம்பெண் ஒருத்தி வந்தாள். கிறிஸ்டெல் அபுவேவா என்று பெயர் சொன்னாள்.

"பயப்படாதீங்க சார். சில கேள்விதான். கம்பெனி உங்களுக்குக் காசு குடுத்துச்சா?"

"இல்ல மேம். டின்னெல்லாம் நெலியா கடையில வாங்குறது."

"காசு மட்டும் இல்ல சார். இனாமாப் பொருள், பரிசு, தள்ளுபடி, சொந்தக்காரங்க அங்க வேலை பாக்குறது, எதுவா இருந்தாலும் சரி. கம்பெனிகூட ஏதாவது உறவு இருந்தா அதைப் பதிவோட ஆரம்பத்துலயே, எல்லாருக்கும் புரியுற மாதிரி சொல்லணும். அதான் சட்டம்."

ஆர்டெமியோ யோசித்தார். பொய் சொல்லி அவருக்குப் பழக்கம் இல்லை.

"ஒரு தொப்பி அனுப்புனாங்க மேம். ஒரு பெட்டி டின்னும். ஏதோ ஆண்டு விழான்னு. தொப்பியப் போட்டுப் படம் எடுத்துப் போட்டேன். இனாம்னு எழுதல. எழுதணும்னு தெரியாது."

"அதை எழுதணும் சார். அந்தப் பதிவைத் திருத்தி, முதல் வரியிலயே, நீங்க எழுதுற பாஷையிலயே போட்டுடுங்க. கீழ எங்கயாவது ஒளிச்சு வைக்கக் கூடாது. வேற எதாவது இருக்கா?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "உறவுன்னு சொன்னீங்களே மேம். பெலி அக்கா எனக்கு எப்பவும் பதில் எழுதுவாங்க. ஒரு நாள்கூட விட்டதில்ல. அது உறவுல சேருமா?"

கிறிஸ்டெல் எழுதுவதை நிறுத்தினாள்.

"சார், அது ஆள் இல்ல. மெஷின் அனுப்புறது. பக்கத்தோட பேரைச் சேர்த்து யார் எழுதினாலும் அதே பதில்தான் போகும்."

"ஓ" என்றார் ஆர்டெமியோ. பிறகு, அந்தப் பெண் சங்கடப்படக் கூடாதே என்று, "ஆமா ஆமா, மெஷின்தானே" என்றும் சொன்னார்.

அவளுக்கு என்ன தோன்றியதோ, உடனே போனை வைக்கவில்லை. "உங்க மேல புகார் குடுத்தவங்க பேரை நான் சொல்லக் கூடாது சார். ஆனா அவங்க உங்க பதிவு எல்லாத்தையும் முதல்ல இருந்து வரிசையா எடுத்து அனுப்பியிருக்காங்க. காசு வாங்காம ஒருத்தன் மத்தி டின்னைப் பத்தி இவ்வளவு அன்பா எழுதுவானான்னு கேட்டிருக்காங்க."

"எல்லாத்தையுமா? மழையைப் பத்தி எழுதினது, கொக்கு கத்தினது, அதெல்லாமா?"

"எல்லாமே சார். நானும் படிச்சேன். படிக்க வேண்டியது என் வேலை." கொஞ்சம் தயங்கிவிட்டு, "நல்லா எழுதுறீங்க" என்றாள். திரை அணைந்தது.

அந்த வாரமே அவருக்குக் காய்ச்சல் வந்தது. போர்வைக்குள் கிடந்தபடி டோன்யா பெலி பக்கத்தைச் சேர்த்து எழுதினார்: "இன்று உடம்பு சரியில்லை. சாப்பிடவில்லை. பேச ஆள் இல்லை." போன் உடனே சிணுங்கியது. "அன்புள்ள ஆர்டெமியோ, உங்கள் வார்த்தைகள் எங்கள் நாளை இனிமையாக்கிவிட்டன! தொடர்ந்து சுவையுங்கள்." அதை இரண்டு தடவை படித்தார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். மனிதர் யாராவது செத்துப்போனால் அழலாம். இதற்கு எப்படி அழுவது என்று தெரியவில்லை.

காய்ச்சல் விட்டதும் முதல் வேலையாகத் தொப்பிப் படத்தைத் திருத்தினார். "இந்தத் தொப்பியும் ஒரு பெட்டி டின்னும் கம்பெனி இனாமாகக் கொடுத்தவை" என்று தலைப்பிலேயே போட்டார். மறுநாள் நெலியா கடைக்குப் போய் அரிசியும் உப்பும் வாங்கினார். நெலியா அவர் வயசுக்காரி. வாய் கொஞ்சம் நீளம்.

"என் மேல புகார் குடுத்தது நீயா?"

"எனக்கு வேற வேலை இல்ல பாரு! உன் மத்தி புராணத்தை யார் உக்காந்து படிப்பா? என் புருஷன் எழுதினாலே நான் படிக்க மாட்டேன்."

"ஒருத்தர் படிச்சிருக்காங்க நெலியா. முதல்ல இருந்து கடைசி வரைக்கும்."

"படிச்சுட்டு உன்னைப் பிடிச்சுக் குடுத்திருக்கான். நல்ல வாசகன்!"

அவள் சொன்னது நியாயம்தான். ஆனாலும் ஆர்டெமியோவுக்குக் கோபம் வரவில்லை. ஜோவெலினாக இருக்குமோ, பள்ளிக்கூட வாத்தியாராக இருக்குமோ, கண்காணாத ஊரில் யாரோ ஒருவரோ என்று குட்டைக் கரையில் நின்று மாதக்கணக்கில் யோசித்தார். ஒரு தடவை, ரோமிலிருந்துகூடப் படிக்கலாமே என்று தோன்றியது. அந்த எண்ணத்தை அப்போதே விரட்டினார். அது இடம் கொடுத்தால் தங்கிவிடும்.

வழக்கை முடித்துக்கொண்டதாக அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது. அதன் பிறகும் அவர் எழுதினார். கம்பெனியின் பக்கத்தைச் சேர்ப்பதை மட்டும் நிறுத்திவிட்டார். அதனால் பதில் எதுவும் வரவில்லை. டின்னே இல்லாமலும் எழுத ஆரம்பித்தார்: ஏற்றம் வரும்போது மதகில் கேட்கிற சத்தம், வலையில் தவறி விழுந்த மீன்கொத்தி, அதை எடுத்து விட்டபோது அது கொத்தியது. புகார் கொடுத்தவர் இன்னும் படிக்கிறார் என்று வைத்துக்கொண்டு அந்த ஒருவருக்காகவே எழுதினார்.

மே மாதம் ஊர்ப் புனிதரின் திருவிழா. அன்று எந்த வீட்டுக்கும் யாரும் போய்ச் சாப்பிடலாம். ஆர்டெமியோ முந்தின நாள் எழுதினார்: "இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும் நாளை என் குடிசைக்குச் சாப்பிட வரவேண்டும். வரப்பின் கடைசி. போய் இதைப் பற்றி எழுதினால், சாப்பாடு இனாம் என்று முதல் வரியிலேயே போட்டுவிடவும். சட்டம் அப்படி."

பால்மீனைச் சுட்டார். சோறு ஆக்கித் தள்ளினார். நெலியா புருஷனோடு வந்தாள். ஜோவெலின் வந்து நின்றபடியே சாப்பிட்டுவிட்டு, அடுத்த வீட்டுக்கு ஓடினாள். குட்டைக்காரர் ஆள் அனுப்பி ஒரு தட்டு வாங்கிக்கொண்டார். ஒவ்வொருவர் வரும்போதும் ஆர்டெமியோ முகத்தை உற்றுப் பார்த்தார்.

"யாரைத் தேடுற?" என்று நெலியா கேட்டாள்.

"தெரியல."

"தெரியாத ஆளுக்கு இவ்வளவு சோறா?" என்றாள் அவள். ஆனால் எழுந்து போகவில்லை. வெயில் சாயும்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு அவர்களும் போனார்கள். ஏற்றம் வரும் நேரம் ஆகியிருந்தது. மீந்த மீனில் நல்ல துண்டமாக ஒன்றை எடுத்து வாழையிலையால் மூடி வைத்துவிட்டு, ஆர்டெமியோ மதகைத் திறக்கப் போனார்.