மேக்கப் பெட்டியோடு மூன்று கல்யாணங்கள்

மணப்பெண் அலங்காரம் என்பது ஒரே முகத்துக்கு இருபது பேர் யோசனை சொல்லும் தொழில். கள்ளக்குறிச்சியில் நான் பார்லர் வைத்துப் பதினோரு வருஷமாகிறது. இதே தொழிலில் அவதிப்படும் அக்கா தங்கைகளே, உங்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது.

அத்தையின் கிண்ணம்

வடக்கனந்தலில் ஒரு பொண்ணுக்கு இரண்டு மணி நேரம் மேக்கப் போட்டுவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தால் முகம் முழுக்க மஞ்சள். கண்மை கன்னத்தில் வழிகிறது. பக்கத்தில் அவளுடைய அத்தை, நலங்குக் கிண்ணத்தோடு. "இன்னாங்க இப்படிப் பண்ணிட்டீங்க?" என்றேன், அழாத குறையாக.

அவர் அசரவில்லை. "நீ பூசனது போட்டோவுக்கு, நான் பூசனது பொண்ணுக்கு. தொடச்சிட்டு இன்னொரு வாட்டி போடும்மா, யாரு வேணான்னது?"

இரண்டு ஷேடு

வெள்ளிமலைக்கு ஜீப்பில் போயிருந்தேன். பொண்ணு நர்சிங் படித்தவள், நல்ல கறுப்பு. மாப்பிள்ளையின் அக்கா என்னை ஓரமாக அழைத்து, "ரெண்டு ஷேடு ஏத்தி வுடுங்க" என்றார். பழக்க தோஷம், நானும் வெளுத்த ஃபவுண்டேஷனைத்தான் எடுத்தேன்.

பொண்ணு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அவரு புடிச்சிருக்குன்னு சொன்னது இந்த மூஞ்சியத்தான். இதுக்கேத்த கலரு உங்ககிட்ட இல்லியா?"

இல்லை. இத்தனை வருஷத்தில் வாங்கி வைக்கத் தோன்றியதே இல்லை. வெட்கமாகிவிட்டது. மை, பொட்டு, தலை நிறையப் பூ, அவ்வளவோடு விட்டேன். மேடையில் மாப்பிள்ளையின் அக்கா, "மேக்கப்பே போடலியா?" என்று முகம் சுளித்தார்.

பொண்ணு சிரித்தபடி சொன்னாள்: "போட்டாங்க அண்ணி. எனக்குப் போட்டாங்க."

அம்மாவுக்கும் சேர்த்து

உளுந்தூர்பேட்டைப் பொண்ணு, சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. அப்பா இறந்து நான்கு வருஷம். அம்மா பொட்டும் பூவும் இல்லாமல் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார். எல்லாம் முடிந்ததும் பொண்ணு எழுந்திருக்கவில்லை. "அம்மாவுக்கும் பொட்டு வச்சி, பூ வச்சி வுடுங்க. அப்பதான் மேடைக்கு வருவேன்."

வெளியே சித்தப்பா கத்தினார்: "முகூர்த்த நேரம் போய்க்கினு இருக்குது!" நான் பொட்டை எடுத்தேன். அம்மா இரு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். நான் காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே கையை எடுத்தார்.

"பொட்டு சின்னதா வைம்மா. பூ மட்டும் கொஞ்சம் ஜாஸ்தியா வை, அவருக்கு மல்லின்னா உசுரு."

பதினோரு வருஷத்தில் எல்லாப் பெண்களையும் நேரத்துக்கு மேடையேற்றிவிட்டேன். கல்யாணப் பந்திக்குத்தான் ஒருநாளும் நேரத்துக்குப் போனதில்லை.