மீன் குடித்த மருந்து

என் அக்காவின் கணவரைத் தெருவே 'டாக்டர்' என்றுதான் கூப்பிடும். படித்து வாங்கிய பட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். மிக்சி ஓடவில்லையா, முதுகு பிடித்துக்கொண்டதா, பையனுக்குக் கணக்கு வரவில்லையா, எதற்கும் "நான் சொல்றதக் கேளுங்க" என்று ஆரம்பித்துவிடுவார். கேட்டவர்களின் மிக்சி அதற்கப்புறம் ஓடியதே இல்லை. ஆனாலும் அந்த மூஞ்சியில் ஒரு வெட்கம் வரவேண்டுமே, வராது.

நான் வளர்ப்பு மீன் கடையில் வேலை பார்க்கிறேன். வீடு வீடாகப் போய்த் தொட்டி கழுவுவது என் பிழைப்பு. ஒருமுறை பத்துப் பேர் எதிரில், "இவனுக்கு மீனப் பத்தி என்ன தெரியும்? அழுக்கப் பத்திக் கேளுங்க, சொல்வான்" என்றார் அத்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டி வைத்தேன்.

அவர்கள் வீட்டுக் கூடத்தில் இருந்த தொட்டி அக்காவுடையது. சின்னதும் பெரியதுமாகப் பலவகை மீன்கள். அவற்றில் கிழவி என்று ஒன்று. ஆரஞ்சு உடம்பில் மூன்று கறுப்புப் பட்டை போட்ட லோச் மீன். பன்னிரண்டு வயது. அக்கா விரலைத் தண்ணீரில் விட்டால் வந்து மீசையால் தடவும். வீட்டில் யாரோடும் பேச்சில்லாத நாட்களில்கூட அக்கா அதனோடு பேசுவாள்.

இந்தத் தொட்டியில்தான் அத்தான் எங்கிருந்தோ மலிவாக வாங்கி வந்த நான்கு மீன்களை அப்படியே கவிழ்த்துவிட்டார். புது மீனை இரண்டு வாரமாவது தனியாக வைத்துப் பார்க்க வேண்டும் என்பது கடைக்கு வரும் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஐந்தாம் நாள், உப்பைத் தூவினாற்போல் எல்லா மீன் மேலும் வெள்ளைப் புள்ளி. கிழவி கூழாங்கல்லில் உடம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

டாக்டருக்குக் கொண்டாட்டம். நீல மருந்து வாங்கி ஊற்றினார். தண்ணீர் நீலமானது. மறுநாள் காலையில் பார்த்தால் பளிங்குபோல் தெளிந்திருந்தது.

"பாத்தியா தம்பி, ஒரு சொட்டு விடாம மீனுங்க குடிச்சிடுச்சு" என்றார்.

மீன் குடித்ததாம். ஃபில்டருக்குள் கார்பன் பை இருந்தது. தண்ணீரைத் தெளியவைக்கும் கரி. மருந்து போட்டால் அதையும் உறிஞ்சிவிடும். போன மாதம் கழுவும்போது அதை வைத்தவனே நான்தான். இந்த மேதாவி ஃபில்டரைத் திறந்தே பார்த்ததில்லை. பையை வெளியே எடுத்துவிட்டு, தண்ணீரின் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, லோச்சுக்குத் தாங்காது என்பதால் பாதி அளவு மருந்து விட்டால் போதும். ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது.

அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "சரியாத்தான் போகுதாடா? கிழவி சாப்பிட மாட்டேங்குது."

"டாக்டர் பாத்துக்கிறாருல்ல, அவரையே கேளு" என்றேன். தெருவே பார்க்க இவர் மூக்கு உடையட்டும் என்று எனக்கு ஆசை.

மருந்து ஊற்றிய நாலாம் நாள் புள்ளிகள் உதிர்ந்தன. அத்தான் அக்கம்பக்கத்தாரைக் கூட்டிவந்து காட்டினார். தலைகால் புரியவில்லை மனுஷனுக்கு. உதிர்ந்தது குணமாகி அல்ல. அந்தக் கிருமி மீனைவிட்டு இறங்கி, கல்லடியில் கிடந்து நூற்றுக்கணக்கில் பெருகித் திரும்ப ஏறும். கீழே இருக்கும்போதுதான் மருந்து அதைக் கொல்லும். மருந்துதான் கரியின் வயிற்றில் இருந்ததே. அதுவும் எனக்குத் தெரியும். கூட்டத்தோடு நின்று நானும் கைதட்டினேன்.

மூன்றே நாளில் பழையபடி, முன்னைவிடப் பல மடங்கு. சின்ன மீன்கள் ஒவ்வொன்றாக மிதந்தன. கிழவி பக்கவாட்டில் சாய்ந்து மூச்சுக்குத் தவித்தது. அக்கா போட்டிருந்த செருப்பு ஜோடி மாறியதுகூடத் தெரியாமல் எங்கள் கடைக்கு ஓடிவந்தாள்.

முதலாளி விவரம் கேட்டார். "மருந்து போடுறப்போ கார்பன் பைய வெளிய எடுத்தீங்கல்லம்மா?"

"என்ன பை?"

"உங்க தம்பி சொல்லலையா? அவன்தானே மாசாமாசம் வைக்கிறான்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கையிலிருந்த வலையை மடித்துக்கொண்டிருந்தேன். அவள் விறுவிறுவென்று வீட்டுக்குத் திரும்பி நடந்தாள்.

சாயங்காலம் போனேன். ஃபில்டர் பிரித்துக் கிடந்தது. கிழவியை ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்திருந்தார்கள். செத்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அத்தான் தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். மூன்று நாளாக ஜெராக்ஸ் கடையைத் திறக்கவே இல்லையாம். சட்டைக் கையெல்லாம் நீலக் கறை.

"அப்படி ஒரு பை இருக்கிறதே எனக்குத் தெரியாதுடா தம்பி" என்றார்.

'தெரியாது' என்ற வார்த்தை அந்த வாயிலிருந்து வரவேண்டும் என்று எத்தனை வருஷம் காத்திருந்தேன். வந்தபோது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அக்கா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அவருக்குத் தெரியல, கொன்னுட்டாரு. நீ தெரிஞ்சே பாத்துட்டு நின்ன" என்றாள். "இனிமே தொட்டி கழுவ இங்க வராத."