புழுவுக்கு ஒரு வரிசை

கட்டைவிரல் நகத்தைக் காயின் மூக்கில் வைத்து அழுத்துகிறாள். பச்சைப் பருத்திக்காய் இரண்டாகப் பிளக்கிறது. உள்ளே ஈரம் காயாத வெள்ளைச் சுளைகள். ஒன்றுவிடாமல் புரட்டிப் பார்த்துவிட்டு, "சுத்தம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கொளஞ்சியம்மாள் அடுத்த செடிக்கு நகர்கிறாள். கார்த்திகை பிறந்துவிட்டால் விடிந்ததும் அவளுக்கு இதுதான் வேலை. டீகூட அப்புறம்தான்.

அரும்பாவூரிலிருந்து மலைப்பக்கமாகப் போகிற மண்பாதையில் இருக்கிறது அவளுடைய கொல்லை. கொஞ்சம் கரிசல், மழையை நம்பிய பருத்தி. நடுவில் நிற்கிற செடிகள் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். ஓரத்தைச் சுற்றி ஒரு வரிசை மட்டும் சோகை பிடித்து, மொட்டு உதிர்ந்து, காயெல்லாம் ஓட்டையாக நிற்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள், பாவம் இந்த அம்மாவுக்கு வெள்ளாமை வராது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போவார்கள். அந்த வரிசையில் காயைப் பிளக்கும்போதுதான் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அங்கே புழு இருந்தால் அவளுக்கு நிம்மதி. பிளந்த காயைச் செடியின் கவட்டிலேயே வைத்துவிட்டு, "சாப்புடு, சாப்புடு. இங்கயே இருந்துக்க, உள்ள வராத" என்று சொல்லிவிட்டு வருவாள். பேரப்பிள்ளைக்குக்கூட மாமியார் இவ்வளவு தணிவாகச் சோறு ஊட்டியதில்லை என்பது மருமகள் வேணியின் குறை.

புழுவின் மேல் அவளுக்கு ஏது பாசம்? உலகத்தில் அவள் அடியோடு வெறுக்கிற ஜீவன் அது ஒன்றுதான். கேட்டால், புருஷனைத் தின்றதே அதுதான் என்பாள்.

அந்தக் காலத்தில் பருத்தி போட்டால் வாரம் தவறாமல் மருந்தடிக்க வேண்டும். ஒரு மருந்துக்குப் புழு சாகாவிட்டால் இரண்டைக் கலப்பார்கள், அதற்கும் அசையாவிட்டால் மூன்று. முதுகில் மருந்து டேங்க், இடுப்பில் லுங்கி, மூக்கைச் சுற்றி ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. அப்படி அடித்துவிட்டு ஒருநாள் மதியம் வீடு வந்த வீரமுத்து தண்ணீர் கேட்டான். சொம்பைப் பிடிக்கக் கை நிற்கவில்லை. வாயோரம் எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. "கண்ணு மங்குது கொளஞ்சி, வெளக்க ஏத்து" என்றான். வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. டிராக்டரில் கிடத்திப் பெரம்பலூருக்கு ஓட்டினார்கள். வேப்பந்தட்டை தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மகன் கலைவாணன் அப்போது பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தான். மகள் மேகலா கைக்குழந்தை.

இரண்டு வருடம் கழித்து பி.டி. பருத்தி வந்தது. மண்ணில் வாழும் ஏதோ ஒரு கிருமியின் குணத்தை எடுத்து விதைக்குள்ளேயே வைத்துவிட்டார்களாம், காயைக் கடிக்கிற புழு தானாகச் சாகுமாம் என்று கடைக்காரர் சொன்னபோது ஊர் சிரித்தது. கொளஞ்சியம்மாள் சிரிக்கவில்லை. டேங்க் தூக்க ஆளில்லாத வீடு, வேறு வழியும் இல்லை, வாங்கி ஊன்றினாள். அந்த வருடம் புழு கடித்தது, சுருண்டது, விழுந்தது. காய் காயாக வெடித்தது. முதல் எடுப்பில் மடி நிறைந்து, நிறைந்த மடியோடு வரப்பில் உட்கார்ந்தவள் ஓவென்று அழுதாள். "ரெண்டு வருஷம் முந்தி வந்திருக்கக் கூடாதா" என்றாள். இப்போதும் பருத்தி வெடிக்கிற பருவத்தில் அவள் வாயில் இந்த வார்த்தை வராமல் இருக்காது. "அந்த ரெண்டு வருஷத்த நான் யாருகிட்டப் போயிக் கேக்குறது" என்பாள்.

அந்தப் பருத்திதான் மேகலாவை நர்ஸ் படிக்க வைத்தது, கூரை வீட்டுக்குத் தளம் போட்டது. பருத்தி எடுக்க வரும் பெண்கள் இன்று கஞ்சித் தூக்கைச் செடியடியிலேயே வைக்கிறார்கள். கைக்குழந்தைக்கு வேப்பமரத்தில் தூளி கட்டுகிறார்கள். முன்பெல்லாம் மருந்து நாற்றத்தில் பாதிப் பேர் வாந்தியெடுத்துக்கொண்டுதான் வீடு திரும்புவார்கள். இலையில் சாறு உறிஞ்சுகிற பூச்சிக்குப் பி.டி. உதவாது. அதற்கு கொளஞ்சியம்மாள் வேப்பங்கொட்டையை இடித்துக் கரைத்து, வேப்பங்குழையில் தோய்த்துத் தோய்த்துக் கோயில் தீர்த்தம் தெளிப்பதுபோலத் தெளிப்பாள். ஊருக்கு அது ஒரு வேடிக்கை. டேங்க்கை மட்டும் வாசலுக்குள் விடமாட்டாள். கொடியில் காயும் மகனின் சட்டையை எடுத்து, மருந்து வாடை இருக்கிறதா என்று காலரை ஒருமுறை மோந்து பார்த்த பிறகே மடிப்பாள்.

ஓரத்து வரிசை வந்த கதை வேறு. பி.டி. விதைப் பாக்கெட்டுடன் அப்போது ஒரு குட்டிப் பாக்கெட்டும் வரும். அதில் இருப்பது சாதாப் பருத்தி. அதை ஓரத்தில் ஊன்றச் சொல்லி வேளாண்மை ஆபீசிலிருந்து வந்த பெண் கூட்டம் போட்டுச் சொன்னார். கொளஞ்சியம்மாள் அதைப் புரிந்துகொண்டது இப்படி: "பி.டி.ய தின்னும் சாவாத புழு எங்கியாவது ஒண்ணு ரெண்டு இருக்கும். அதுங்க ஒண்ணுக்கொண்ணு கட்டிக்கிச்சின்னா பொறக்குறது பூரா அந்த வெஷத்தத் தாங்கிக்கும். பக்கத்துல சாதாப் புழு கெடந்தா அதோட கலந்து, புள்ள குட்டி தாங்காதுங்க. அதான் அதுக்கும் சோறு போடணும்."

காசு போட்டு விதைத்த கொல்லையில் புழுவுக்குப் பந்தி வைக்க யாருக்கு மனசு வரும்? எல்லோரும் குட்டிப் பாக்கெட்டைக் கடைவாசலிலேயே வீசிவிட்டுப் போனார்கள். இவள் அவற்றையும் பொறுக்கிக்கொண்டு வந்து ஊன்றினாள். "என்ன அண்ணி, மாப்புள்ளைக்கு விருந்து பலமா?" என்று பக்கத்துக் கொல்லைக் காசிநாதன் கேட்பார். "ஒங்களுக்கும் சேத்துத்தான் போடுறேன், போங்க" என்பாள். இப்போதெல்லாம் இரண்டு விதையையும் ஒரே பாக்கெட்டில் கலந்தே கொடுத்துவிடுகிறார்கள். அவளுக்கு அதில் திருப்தியில்லை. ஓரத்துச் செடியிலிருந்து எடுத்து வைத்த விதையைத் தனியாக ஊன்றுகிறாள்.

போன வருடம் காசிநாதன் கேலி செய்யவில்லை. அவருடைய பி.டி. காய்க்குள் சிவப்புப் புழு உயிரோடு நெளிந்தது. மறுபடியும் டேங்க்குகள் பாதையில் போய்வரத் தொடங்கின. கலைவாணனும் இந்த வருடம் பெரம்பலூரிலிருந்து ஒரு பேட்டரி டேங்க் வாங்கிவந்து, வாரைத் தன் தோளுக்கு அளவுபார்த்து மாட்டுக் கொட்டகையில் வைத்துவிட்டான். அன்று அவள் சாப்பிடவில்லை.

"மாஸ்க் இருக்கு, கண்ணாடி இருக்கு, கைக்கு உறை இருக்கும்மா. அப்பா மாதிரி இல்ல."

"ஒங்கப்பாவும் துண்டு கட்டிக்கிட்டுத்தான் போனாரு."

"சரி, கூலிக்கு ஆளு வெச்சி அடிப்போம்."

"அவனும் ஒருத்தி பெத்த புள்ளதான" என்றாள் கொளஞ்சியம்மாள்.

அதன்பிறகு அவள் காய் பிளப்பது கூடிப்போனது. விடிந்து ஒருமுறை, வெயில் தாழ்ந்து ஒருமுறை. நல்ல காயையும் பிளந்து நாசம் பண்ணுவதாக வேணி முணுமுணுத்தாள்.

போன வாரம் ஒரு காலை. ஓரத்து வரிசையில் புழுவை விசாரித்துவிட்டு உள்ளே போனாள். நடுச்செடி ஒன்றில் வெளியே ஒரு கீறலும் இல்லாத காய். நகம் வைத்தாள். சுளைக்குள்ளே விதையோடு ஒட்டி, அரிசி நீளத்துக்கு ஒரு சிவப்புப் புழு தலையை ஆட்டியது. அடுத்த செடியிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது. பிளந்த காய்களை மடியில் போட்டுக்கொண்டு செடிகளுக்கு நடுவிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருடம் ஒற்றை ஆளாகப் பந்தி வைத்தும் அது உள்ளே வந்துவிட்டது. ஊர் மேல் கோபப்பட அவளால் முடியவில்லை.

வீட்டுக்கு வந்து மடியைத் திண்ணையில் அவிழ்த்தாள். "உள்ள வந்துட்டான்" என்றாள்.

கலைவாணன் ஒரு காயை எடுத்துப் பார்த்தான். "விடும்மா. நேரத்தோட பாத்துட்ட, ரெண்டு தடவ அடிச்சா அடங்கிடும். டவுனுக்குப் போயி மருந்து வாங்கிட்டு வரேன், நாளைக்குக் காத்து எறங்குனதும் அடிச்சிர்றேன்" என்று வண்டியை எடுத்தான். அவன் குரலில் பயமே இல்லை. அப்பனுக்கும் இருந்ததில்லை.

வண்டிச் சத்தம் ஓய்ந்ததும் கொடியில் கிடந்த மகனின் முழுக்கைச் சட்டையை எடுத்துப் புடவைக்கு மேலே மாட்டிக்கொண்டாள். இந்தத் தடவை காலரை மோந்து பார்க்கவில்லை. கொட்டகைக்குப் போய், காலி டேங்க்கை முதுகில் ஏற்றிப் பார்த்தாள். வார் தொளதொளவென்று இடுப்புக்குக் கீழே இறங்கியது. கழற்றிக் கீழே வைத்து, இரண்டு பக்கமும் வாரை உள்ளே இழுத்து இழுத்துத் தன் தோளுக்குச் சரியாக்கினாள். மிச்சம் ஒரு முழம் தொங்கியது. கொட்டகைக் கூரையில் சொருகியிருந்த அரிவாளை எடுத்து, அந்த மிச்சத்தை இரண்டு பக்கமும் ஒட்ட அறுத்து, வீட்டுக்குள் எரிந்துகொண்டிருந்த அடுப்பில் கொண்டுபோய்ப் போட்டாள்.