எருக்கிலைக் கட்டோடு ரயிலேறினேன்

நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். பேத்தியின் வளைகாப்புக்கு ஆண்டர்சன்பேட்டையிலிருந்து பெங்களூர் கிளம்பிய அன்று எனக்கு இருப்பே கொள்ளவில்லை. முதல் வளையலை நான்தான் போட வேண்டும். தரையில் உட்கார்ந்து எழ முட்டி இடம் கொடுக்க வேண்டுமே! வாதநாராயணன் இலை போட்டுக் காய்ச்சிய எண்ணெயைத் தடவி, எருக்கிலையை வாட்டி வைத்துத் துணியால் கட்டிக்கொண்டு ரயிலேறினேன்.

பெட்டி முழுக்க வேலைக்குப் போகும் பெண்கள். வாடை பரவியதும் எதிரே இருந்தவள் மூக்கைப் பொத்தினாள். நான் புடவையை இழுத்து இழுத்து மூடினேன். அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடலாமா என்றுகூட இருந்தது.

"இன்னா ஆயா, எருக்கிலையா?" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

"ஆமாம்மா. ரொம்ப நாறுதா?"

"நாறட்டும் போங்க. எங்க மாமியாரும் இதான் கட்டுறாங்க. கால நீட்டுங்க, கட்டு அவுந்துகீது."

என் காலைத் தன் மடியில் வைத்து இறுக்கிக் கட்டிவிட்டாள். மூக்கைப் பொத்தியவளோ, "எனக்கும் கொஞ்சம் எண்ணெய் குடுங்க அஜ்ஜி, தெனம் நின்னுகினே போயி முட்டி போச்சு" என்றாள். பெட்டியே சிரித்தது.

வளைகாப்பு வீட்டில், தரையில் உட்கார முடியாது என்று வாய்விட்டுச் சொல்லி நாற்காலி கேட்டேன். பேத்தியே எழுந்து வந்து வளையலுக்குக் கையை நீட்டினாள். வாடைக்கு மூக்கைச் சுருக்கிச் சிரித்தாள். வலி இன்னும் இருக்கிறது. மறைப்பதை மட்டும் விட்டுவிட்டேன்.