விளக்கைச் சுற்றி வளையம்

கெங்கம்மாளுக்குப் பயம் என்பதே கிடையாது என்று கொரட்டூரில் பேர். பாம்பு புகுந்த வீட்டுக்குள் துடைப்பத்தோடு தனியாகப் போனவள். அப்படிப்பட்டவளை 1987 ஐப்பசியில் ஒரு விளக்கு ஆட்டிப்படைத்தது என்றால் யார் நம்புவார்கள்?

அம்பத்தூர் எஸ்டேட்டில், ஆஸ்பத்திரிகளுக்கு ரப்பர் கையுறை செய்யும் கம்பெனியில் அவளுக்கு வேலை. ரப்பர் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கச் சோளமாவு தூவுவார்கள். தோசைக்கு ஆகிற மாவில்லை, ஊதினால் காணாமல் போகும் அளவுக்கு நைசு. கையுறையை உதறி, ஓட்டை பார்த்து, ஜோடி சேர்ப்பது அவள் பாடு. நாலு ஓட்டைகள் கண்ணுக்குத் தப்பியதும் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டாள்.

போட்ட இரண்டாம் மாதம், வேலை முடிந்து வரும்போது ஸ்டேஷன் விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தது. உள்ளே நீலம், ஓரத்தில் சிவப்பு. பார்க்க அழகுதான். அவளோ முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாக நடந்தாள்.

காரணம் அவள் அப்பா வீராசாமி. ஏரிக்கரையில் நெல் போட்டுக்கொண்டிருந்த மனிதர். அவருக்கும் முதலில் விளக்கைச் சுற்றி வளையம்தான் தெரிந்தது. ஒரு வருஷம் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. வலி தாங்காமல் டாக்டரிடம் போனபோது, கண்ணில் அழுத்தம் ஏறி முற்றிவிட்டது, போன பார்வை வராது என்று கையை விரித்துவிட்டார்கள்.

மகளும் மூச்சு விடவில்லை. அப்பனுக்குத் தப்பாத பிள்ளை. நாளைக்கு நாற்பது தடவை கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். வளையம் கூடியதே தவிரக் குறையவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மங்கும். மாரியம்மனுக்கு முடிந்து வைத்த மஞ்சள் துணியின் மகிமை என்று நினைத்தாள். திங்கட்கிழமை சாயங்காலம் மறுபடி வந்து நிற்கும். அம்மனுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் டூட்டி போலிருக்கிறது.

ஒருநாள் வாசலில் நின்று தெரு பல்பையே பார்த்து அவள் அழுதுகொண்டிருந்ததைப் புருஷன் கஜபதி கண்டுவிட்டான். என்னவென்று கேட்டான். அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை.

"நைனா மாரியே எனக்கும் கண்ணு பூடும்யா" என்று எல்லாவற்றையும் கொட்டினாள்.

கஜபதி லாரி மெக்கானிக். பழுது என்றால் பேச மாட்டான், சாமானைக் கையில் எடுத்துப் பார்ப்பான். அவள் கண்ணாடியைக் கழற்றித் தான் மாட்டிக்கொண்டு பல்பைப் பார்த்தான்.

"இன்னாமே இது, எனக்கும் வளையம் தெரியுது. எனக்கும் கண்ணு பூடுமா?"

கெங்கம்மாளுக்கு அழுகை நின்றுவிட்டது. இரண்டு பேருக்கு ஒரே நிமிஷத்தில் ஒரே வியாதி வருமா? கண்ணாடியைக் கழற்றச் சொன்னாள். அவனுக்கு வளையம் போய்விட்டது. அவளும் வெறுங்கண்ணால் பார்த்தாள். பல்பு கலங்கலாகத் தெரிந்தது, ஆனால் வளையம் இல்லை. கலங்கித்தானே தெரியப் போகிறது என்று இத்தனை நாள் அவள் கழற்றிவிட்டு விளக்கைப் பார்த்ததே கிடையாது.

குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவி, துவைத்த துண்டால் துடைத்து மாட்டினாள். பல்பு வெறும் பல்பாக நின்றது. வேலைக்குக் கட்டிய புடவையின் முந்தானையை வெளிச்சத்தில் உதறினாள். புகை மாதிரி வெள்ளையாகக் கிளம்பியது. கண்ணுக்கே தெரியாத மாவு, ஒவ்வொரு துகளும் ஏறக்குறைய ஒரே அளவு. அது கண்ணாடியில் அப்பிக்கொண்டு, வருகிற வெளிச்சத்தைச் சிதறடித்து வளையமாகக் காட்டியிருக்கிறது. துடைக்கிறேன் பேர்வழி என்று நாளைக்கு நாற்பது தடவை அவளேதான் பூசியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வேறு புடவை, அதனால்தான் மங்கியிருக்கிறது.

வாசற்படியில் உட்கார்ந்து சிரித்தாள். மார்பிலிருந்து அம்மிக்கல்லை இறக்கியது போலிருந்தது. மறுநாள் லீவு போட்டுவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று கண் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண்ணழுத்தமும் பார்த்தாள். சரியாக இருந்தது. அப்பாவுக்கு இருந்ததால் வருஷத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொன்னார்கள்.

அங்கிருந்து நேரே அண்ணன் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னாள். வீராசாமி கையை நீட்டி அவள் கண்ணாடியை வாங்கி, கட்டைவிரலால் இரண்டு சில்லையும் தடவிக்கொண்டே அவள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் ஒரு வருசம் பயந்துகினு சும்மா இருந்துட்டேன். நீ வாயத் தொறந்துட்டியேமா" என்றார்.

வீடு திரும்புகையில் அவர் விரல் பதிந்த கண்ணாடியில் விளக்கெல்லாம் மங்கலாகத்தான் தெரிந்தது. கெங்கம்மாள் அதைத் துடைக்காமலே நடந்தாள்.